ஒரு நாடு தன் குழந்தைகளை மீட்கிறதா? கண்காணிக்க ஐந்து வழிகள், யாருக்கு எது

மிக மோசமான குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்க ஒரு நாட்டின் அரசு என்னதான் செய்கிறது என்று தொடர்ந்து பார்த்துவர நினைப்பவர்கள், தொடங்கிய சில நாட்களிலேயே குழம்பிப்போகிறார்கள். தகவல் கிடைக்காததால் அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் அறிக்கை ஒன்று சொல்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் அறிக்கை வேறொன்று சொல்கிறது. அந்த நாட்டின் சொந்தக் கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. களத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டால் இவை எதுவும் தாங்கள் பார்ப்பதோடு ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். சிறிய தொண்டு அமைப்பு, தொழிற்சங்கம், ஆய்வு மாணவர், பொருள் வாங்கும் நிறுவனம் என யாராக இருந்தாலும் கையில் இருக்கும் நேரமும் பணமும் குறைவு. எல்லாவற்றையும் செய்ய முடியாது. எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்த வழிகள் ஒன்றோடொன்று போட்டி போடுபவை அல்ல. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. தேர்வில் தவறுபவர்கள் பெரும்பாலும் கேள்வியை முடிவு செய்யாமலே வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான்.

## முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வோம்

"மிக மோசமான வடிவங்கள்" என்பது கோபத்தில் சொல்லும் சொல் அல்ல. 1999 ஜூன் 17 அன்று ஏற்கப்பட்ட ஐ.எல்.ஓ.வின் 182-ஆம் உடன்படிக்கை அதன் 3-ஆம் பிரிவில் நான்கு வகைகளைச் சொல்கிறது. ஒன்று, அடிமைத்தனமும் அதைப் போன்றவையும்: குழந்தை விற்பனை, ஆள்கடத்தல், கொத்தடிமை, கட்டாய உழைப்பு, போருக்குக் கட்டாயமாகச் சேர்ப்பது. இரண்டு, பாலியல் தொழிலிலும் ஆபாசப் படங்களிலும் பயன்படுத்துவது. மூன்று, போதைப்பொருள் தயாரிப்பு, கடத்தல் போன்ற சட்டவிரோத வேலைகள். நான்கு, உடல்நலத்தையோ பாதுகாப்பையோ ஒழுக்கத்தையோ கெடுக்கக்கூடிய அபாயகரமான வேலை. 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் இதில் குழந்தைகள்தான்.

2020 ஆகஸ்ட் 4 அன்று டோங்கா ஒப்புதல் அளித்ததோடு, ஐ.எல்.ஓ.வின் அன்றைய 187 உறுப்பு நாடுகளும் இந்த உடன்படிக்கைக்குள் வந்துவிட்டன. அந்த அமைப்பின் வரலாற்றில் எல்லா நாடுகளும் ஏற்ற முதல் உடன்படிக்கை இதுதான். ஆகவே எந்த நாட்டை எடுத்தாலும் "நீங்கள் ஒப்புக்கொண்டதைச் செய்தீர்களா?" என்று கேட்க நமக்கு அடிப்படை இருக்கிறது. 5-ஆம் பிரிவு கண்காணிப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது, 6-ஆம் பிரிவு செயல்திட்டம் கேட்கிறது, 7-ஆம் பிரிவு காலக்கெடுவுடன் கூடிய நடவடிக்கை கேட்கிறது.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குழந்தைகளின் நிலை எப்படி இருக்கிறது என்பது ஒன்று. அரசு என்ன முயற்சி எடுக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வறட்சியோ போரோ வந்தால் அரசு உண்மையாக உழைத்தும் எண்ணிக்கை கூடலாம். பொருளாதாரம் வளர்ந்தால் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருந்தும் எண்ணிக்கை குறையலாம். உலக அளவில் 2000-இல் சுமார் 24.6 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை 2016-இல் 15.2 கோடியாக இறங்கி, 2020-இல் 16 கோடியாக ஏறி, 2024-இல் 13.8 கோடியாக மறுபடி இறங்கியது. இந்த 13.8 கோடியில் 5.4 கோடிப் பேர் அபாயகரமான வேலையில் இருக்கிறார்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் எந்த அரசுக்கு எவ்வளவு பங்கு என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்விகளால் பார்க்கிறேன்.

நான்கு வகைகளில் எது அதன் கண்ணில் படுகிறது? நிலையைக் காட்டுகிறதா, முயற்சியைக் காட்டுகிறதா? தகவல் எவ்வளவு பழையது? யார் எழுதுகிறார்கள், எழுதுபவருக்கு யார் பணம் தருகிறார்கள்? வெளியே தெரியாத செலவு என்ன?

இவற்றோடு இன்னொன்று. இதை மற்ற ஐந்தோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டியது: இந்தக் கண்காணிப்பால் குழந்தைக்குத் தீங்கு வருமா? 1990-களின் தொடக்கத்தில், குழந்தை உழைப்பில் உருவான பொருட்களின் இறக்குமதியைத் தடுக்கும் மசோதா ஒன்று அமெரிக்காவில் வந்தது. அதற்குப் பயந்து வங்கதேச ஆயத்த ஆடை ஆலைகள் குழந்தைகளைப் பெருமளவில் வெளியே அனுப்பின. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைப்பது, தெருவில் விற்பது, அதைவிட மோசமானது என்று போனார்கள் என்பதை யூனிசெஃப் பின்னர் பதிவு செய்தது. 1995-இல் ஆலை உரிமையாளர் சங்கமும் ஐ.எல்.ஓ.வும் யூனிசெஃப்பும் சேர்ந்து ஒப்பந்தம் போட்ட பிறகுதான் "பள்ளியில் இடம் தயாராகும்வரை வெளியே அனுப்பாதே" என்ற ஒழுங்கு வந்தது. வெளியே இருந்து பார்த்தவர்களின் கணக்கில், ஆலையை விட்டுக் குழந்தைகள் போனதே வெற்றி. போன குழந்தைகள் எங்கே போனார்கள் என்று பார்க்க அந்தக் கணக்கில் இடமே இல்லை.

## வழி 1: ஐ.எல்.ஓ. நிபுணர் குழுவின் கருத்துகள்

1926-இல் உருவான நிபுணர் குழு ஒன்று, நாடுகள் தாங்கள் ஒப்புக்கொண்ட உடன்படிக்கைகளை எப்படி நடைமுறைப்படுத்துகின்றன என்று ஆராய்கிறது. 182-ஆம் உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்று என்பதால் அரசுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். குழு அதைப் படித்துக் கேள்வி கேட்கும். அரசு பதில் சொல்ல வேண்டும். எல்லாம் ஐ.எல்.ஓ.வின் நார்ம்லெக்ஸ் இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதன் அருமை தொடர்ச்சியில் இருக்கிறது. ஒரு நாட்டுக்குக் குழு பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எழுதிய கருத்துகளை வரிசையாகப் படித்தால், அரசு எந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறது என்று தெளிவாகத் தெரியும். ஒரே வாக்கியம் மூன்று சுற்றாகத் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே எதுவும் நடக்கவில்லை என்று பொருள். குழுவின் மொழிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. "திருப்தியுடன் குறிப்பிடுகிறது" என்று எழுதினால், குழு சொன்னதை ஏற்று அரசு சட்டத்தையோ நடைமுறையையோ உண்மையில் மாற்றியிருக்கிறது. "ஆர்வத்துடன் குறிப்பிடுகிறது" என்பது அதற்கு ஒரு படி கீழே: நடவடிக்கை நல்ல திசையில் போகிறது, இன்னும் பார்க்க வேண்டும். "ஆழ்ந்த கவலையுடன்" என்று வந்தால் நிலைமை மோசம். இந்த மூன்று சொற்றொடர்களையும் தேடிப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நான்கு வகைகளையும் பேசும் வழி இது. ஆனால் பேசுவது பெரும்பாலும் காகிதத்தில் இருப்பதைப் பற்றித்தான். குழு தானாகக் களத்துக்குப் போய் விசாரிப்பதில்லை. அரசு தருவதையும், தொழிற்சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் தருவதையும், மற்ற ஐ.நா. அமைப்புகளின் ஆவணங்களையும் வைத்து எழுதுகிறது. ஓர் ஆண்டு அரசு அறிக்கையே அனுப்பவில்லை என்றால், குழு பழைய கேள்வியை மறுபடி எழுதுவதைத் தவிரப் பெரிதாக எதுவும் நடக்காது.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. தொண்டு நிறுவனம் நேரடியாகக் குழுவுக்குத் தகவல் தர முடியாது. ஒரு தொழிற்சங்கத்தின் வழியாகவோ முதலாளிகள் அமைப்பின் வழியாகவோதான் போக வேண்டும். அந்த உறவை வளர்க்க மாதங்கள் ஆகும். தொழிற்சங்கத்துக்கோ வேறு அவசரங்கள் ஆயிரம் இருக்கும். அப்புறம், "நேரடிக் கேள்வி" என்ற வகையில் குழு எழுதும் கருத்துகள் அச்சான ஆண்டறிக்கையில் வருவதில்லை, தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும். அறிக்கையை மட்டும் புரட்டிவிட்டு "இந்த நாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை" என்று எழுதுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

எப்போது சிறந்தது: பணம் இல்லை, பல ஆண்டுப் போக்கு வேண்டும், அரசை அதன் சொந்த வாக்குறுதியை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்றால்.

## வழி 2: அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கை

அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு வர்த்தக மற்றும் வளர்ச்சிச் சட்டத்தால் பிறந்தது இது. அமெரிக்கச் சந்தையில் வரிச்சலுகை பெறும் நாடுகள் மிக மோசமான வடிவங்களை ஒழிக்க எடுக்கும் முயற்சியை ஆராய்ந்து எழுத வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. 2011-ஆம் ஆண்டைப் பற்றிய அறிக்கையிலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் தரமும் கொடுத்து வந்தார்கள்: குறிப்பிடத்தக்க முன்னேற்றம், மிதமான முன்னேற்றம், மிகக் குறைந்த முன்னேற்றம், முன்னேற்றம் இல்லை.

முயற்சியை அளப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது என்பதால் அதன் அமைப்பு மிகவும் பயனுள்ளது. சட்டம், அமலாக்கம், ஒருங்கிணைப்பு, கொள்கை, சமூகத் திட்டங்கள் என்று பிரித்து, தொழிலாளர் ஆய்வாளர்கள் எத்தனை பேர், எத்தனை சோதனை, எத்தனை வழக்கு, எத்தனை தண்டனை என்று அட்டவணை போடுகிறார்கள். கடைசியில் அரசு செய்ய வேண்டியவற்றின் பட்டியலும், ஒவ்வொன்றும் எந்த ஆண்டிலிருந்து பரிந்துரைக்கப்படுகிறது என்பதும் இருக்கும். இந்த ஆண்டு எண்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பரிந்துரை 2010-இலிருந்து அப்படியே நிற்கிறது என்றால் விளக்கம் தேவையில்லை.

தரத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவதுதான் ஆபத்து. ஒரு நாடு பல நல்ல முயற்சிகள் எடுத்தும், பின்னோக்கிப் போகும் ஒரு சட்டத்தால் கீழ்த்தரத்துக்கு இறங்கலாம். பொலிவியா 2014-இல் சில நிபந்தனைகளோடு 10 வயதிலேயே வேலை செய்ய அனுமதித்தது. 2017-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டுகளில் பொலிவியாவில் நடந்த முழுக்கதையையும் தரத்தில் இருக்கும் ஒரு சொல் சொல்லிவிடாது.

இன்னொன்று, யார் எழுதுகிறார்கள் என்பது. ஒரு அரசு மற்ற அரசுகளுக்கு மதிப்பெண் போடுகிறது. அந்த அரசு 182-ஆம் உடன்படிக்கையை 1999-இலேயே ஏற்றது, ஆனால் குறைந்தபட்ச வேலை வயதைப் பற்றிய 138-ஆம் உடன்படிக்கையையும் ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையையும் ஏற்கவில்லை. அறிக்கையில் அமெரிக்கா இல்லை, சீனாவும் இல்லை. அரசியல் மாறினால் நிதியும் ஆட்களும் மாறும், அதன் பாதிப்பு அறிக்கையின் ஆழத்தில் தெரியும். ஆகவே இதை ஒரே தூணாக வைத்துக் கட்ட வேண்டாம். ஆனால் அதன் அட்டவணையைக் கடன் வாங்குங்கள். நீங்கள் சொந்தமாகக் கண்காணிக்கப் போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல வினாப்பட்டியலைப் பூஜ்யத்திலிருந்து எழுதுவது கடினம்.

எப்போது சிறந்தது: பல நாடுகளை ஒப்பிட வேண்டும், வேகமாக ஒரு முதல் படம் வேண்டும், பரிந்துரைகளின் வயது தெரிய வேண்டும் என்றால்.

## வழி 3: குடும்ப மாதிரிக் கணக்கெடுப்புகள்

யூனிசெஃப் ஆதரவில் நடக்கும் பல்குறியீட்டுக் கணக்கெடுப்பு, ஐ.எல்.ஓ.வின் துணையோடு நாடுகள் நடத்தும் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஆகியவை இந்த வகை. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்தச் சூழலில் செய்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கிறார்கள். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 8.7-ஐ அளப்பது இவற்றால்தான். 2025-க்குள் எல்லா வடிவத்திலும் குழந்தைத் தொழிலாளர் முறையை முடித்துவிடுவோம் என்று உலகம் சொன்ன இலக்கு அது. எட்டவில்லை.

நிலையைச் சொல்ல இதைவிட உறுதியான வழி இல்லை. அபாயகரமான வேலை என்ற நான்காம் வகைக்கு இது இல்லாமல் முடியவே முடியாது. வேலைச்சுமை எந்த வயதில், எந்தத் தொழிலில், ஆண் குழந்தைக்கா பெண் குழந்தைக்கா என்று பிரித்துக் காட்டுவது இதுதான். உலகக் குழந்தைத் தொழிலாளர்களில் சுமார் 61 விழுக்காட்டினர் விவசாயத்தில் இருக்கிறார்கள் என்பது இப்படித்தான் தெரிந்தது. ஆலைகளை மட்டும் கண்காணிக்கும் அரசுகளுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

ஆனால் முதல் மூன்று வகைகளுக்கு இது ஏறக்குறையக் குருடு. கடத்தப்பட்ட குழந்தை எந்த வீட்டுப் பட்டியலிலும் இல்லை. வேறொருவர் வீட்டில் தங்கி வேலை செய்யும் சிறுமியைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்பவர் அவளை வேலைக்கு வைத்தவர். "உறவுக்காரப் பெண்" என்பார், கணக்கெடுப்பவர் அப்படியே எழுதிக்கொண்டு போவார். படகில், சுரங்கத்தில், தெருவில் இருப்பவர்கள் வீடு என்ற சட்டகத்துக்குள்ளேயே வரமாட்டார்கள். பல ஆயிரம் வீடுகளைக் கேட்டாலும் அரிதாகவும் மறைவாகவும் நடப்பது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே அகப்படும். அந்தச் சில விடைகளை வைத்து நாடு முழுவதற்கும் எண் சொல்வது சரியல்ல. அத்தகைய குழந்தைகளுக்கென்று தனி முறைகள் உண்டு: ஒருவர் வழியாக இன்னொருவரைச் சென்றடையும் மாதிரி எடுப்பு, அவர்கள் கூடும் இடத்திலும் நேரத்திலும் எடுக்கும் மாதிரி என்று. அவை தனி ஆய்வுகள், தனிச் செலவு.

கணக்கெடுப்பு நடந்த மாதத்தையும் பாருங்கள். அறுவடைக் காலத்தில் எடுத்ததையும் வேலை இல்லாத மாதத்தில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை. வரையறை மாறியிருந்தாலும் அப்படித்தான். இரண்டு சுற்றுக்கு நடுவே பல ஆண்டுகள் ஓடிவிடும், முடிவு வெளிவர இன்னும் காலம் எடுக்கும். ஆகவே ஒரு குறிப்பிட்ட ஆட்சியின் முயற்சியை இதை வைத்து மதிப்பிட முயல வேண்டாம்.

எப்போது சிறந்தது: அபாயகரமான வேலையின் அளவும் இடமும் தெரிய வேண்டும், பத்தாண்டுப் போக்கு வேண்டும் என்றால்.

## வழி 4: அரசின் சொந்தப் பதிவேடுகள்

தொழிலாளர் ஆய்வு, காவல், நீதிமன்றம், சமூகநலத் துறை ஆகியவற்றின் பதிவேடுகள்தான் முயற்சியின் உண்மையான தடம் என்பது என் உறுதியான எண்ணம். சலிப்பூட்டும் வேலை. ஆனால் அரசு என்ன செய்தது என்று கேட்டால் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஐ.எல்.ஓ.வின் 1947-ஆம் ஆண்டு 81-ஆம் உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் தொழிலாளர் ஆய்வு பற்றி ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். ஆய்வாளர் எண்ணிக்கை, பணியிடங்கள், சோதனைகள், மீறல்கள், தண்டனைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று அதன் 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆய்வாளர்கள் போதுமா என்று பார்க்க ஐ.எல்.ஓ. முன்வைத்த பரவலான அளவுகோல் ஒன்றும் உண்டு: தொழில்வளம் பெற்ற நாடுகளில் 10,000 தொழிலாளருக்கு ஒருவர், மிகப் பின்தங்கிய நாடுகளில் 40,000 பேருக்கு ஒருவர்.

இந்த எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பயனில்லை, சங்கிலியாகக் கோக்க வேண்டும். எத்தனை சோதனை? அதில் முன்னறிவிப்பு இல்லாமல் போனது எத்தனை? எத்தனை மீறல் பதிவானது? எத்தனை அபராதம் விதிக்கப்பட்டது, அதில் எவ்வளவு வசூலானது? மறுபக்கம், எத்தனை குழந்தைகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் காப்பகத்துக்கோ பள்ளிக்கோ அனுப்பப்பட்டார்கள், ஓராண்டு கழித்து எத்தனை பேர் இன்னும் பள்ளியில் இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை வைத்திருக்கும் நாடுகள் குறைவு. எங்கே சங்கிலி அறுகிறதோ அங்கேதான் முயற்சி நின்றுபோயிருக்கிறது. ஆயிரக்கணக்கில் சோதனை நடத்திவிட்டு மீறலே இல்லை என்று எழுதும் பதிவேடும் ஒரு சாட்சிதான்.

இன்னொரு இடத்தைப் பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். போதைப்பொருள் சுமக்க வைக்கப்பட்ட சிறுவன் 182-ஆம் உடன்படிக்கையின்படி மிக மோசமான குழந்தை உழைப்புக்கு ஆளானவன். ஆனால் பல நாடுகளில் அவன் பெயர் மீட்கப்பட்டவர் பட்டியலில் இருக்காது, குற்றவாளிப் பட்டியலில் இருக்கும். மூன்றாம் வகையைத் தேட வேண்டுமானால் சிறார் நீதி அமைப்பின் கோப்புகளுக்குள் போக வேண்டும். தொழிலாளர் துறையிடம் கேட்டால் "எங்களிடம் அப்படி ஒரு வழக்கும் இல்லை" என்பார்கள், அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

மறைந்த செலவுகள் இங்கே அதிகம். துறைக்குத் துறை அலகு மாறும்: ஒன்று வழக்குகளை எண்ணும், இன்னொன்று குழந்தைகளை எண்ணும், மூன்றாவது நிறுவனங்களை எண்ணும். தகவல் கேட்டு எழுதி, மேல்முறையீடு செய்து, ஓராண்டு போய்விடும். தனியார் வீடுகளுக்கும் சிறு பண்ணைகளுக்கும் ஆய்வாளர் நுழைய அதிகாரமே இல்லாத நாடுகளில் அங்கிருக்கும் குழந்தைகள் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார்கள். எழுதுவது அரசே என்பதால் விடுபட்டவற்றைச் சொல்ல வேறொரு கண் வேண்டும்.

எப்போது சிறந்தது: ஒரே நாட்டை ஆழமாகப் பார்க்கிறீர்கள், தகவல் பெறும் சட்டம் ஓரளவு வேலை செய்கிறது, பொறுமையாக உட்காரும் ஓர் ஆளாவது இருக்கிறார் என்றால்.

## வழி 5: களக் கண்காணிப்பு

ஊர்ப் பொறுப்பாளர்கள், ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தினர், மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் நேரடியாகப் பார்த்துப் பதிவு செய்வது. மேற்கு ஆப்பிரிக்கக் கோக்கோ பகுதிகளில் இப்படியான ஏற்பாடு 2012 முதல் பரவியது: ஊரைச் சேர்ந்த ஒருவர் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் போகிறார், அபாயகரமான வேலையில் இருக்கும் குழந்தையைப் பதிவு செய்கிறார், உதவி ஏற்பாடாகிறது, பின்பு மறுபடி போய்ப் பார்க்கிறார்.

இதில் எண்ணிக்கையைப் படிக்கும்போது கவனம் வேண்டும். நல்ல அமைப்பு முதல் இரண்டு ஆண்டுகளில் அதிகக் குழந்தைகளைக் கண்டுபிடிக்கும். எண் உயர்வதைத் தோல்வி என்று எழுதினால் ஊர்ப் பொறுப்பாளர் அடுத்த ஆண்டு குறைவாக எழுதக் கற்றுக்கொள்வார். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு உதவி போய்ச் சேர்ந்தது என்ற விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

யார் கண்காணிக்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உஸ்பெகிஸ்தானின் பருத்தி வயல்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அங்கே அரசே பள்ளிக் குழந்தைகளை அறுவடைக்கு அனுப்பி வந்தது. 2008-இல் 182-ஆம் உடன்படிக்கையை ஏற்ற பிறகும் அது தொடர்ந்தது. அந்தப் பருத்தியை வாங்க மறுக்கும் உலகளாவிய புறக்கணிப்பு வலுத்த பிறகு, 2013-இல் ஐ.எல்.ஓ. வயல்களுக்குப் போய்க் கண்காணிக்க அரசு ஒப்புக்கொண்டது. சிறு குழந்தைகள் பெருமளவில் வயலிலிருந்து விலக்கப்பட்டார்கள். "குழந்தைகள் உண்டா?" என்று மட்டும் கேட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் இடத்துக்கு ஆசிரியர்களும் செவிலியர்களும் கட்டாயமாக அனுப்பப்பட்டார்கள். ஆசிரியர் பருத்தி பறிக்கப் போனால் வகுப்பில் யார் இருப்பார்? அதைத் தொடர்ந்து சொல்லிவந்தவர்கள் உள்ளூர்ச் சுதந்திரக் கண்காணிப்பாளர்கள். தடுத்துவைக்கப்பட்டார்கள், மிரட்டப்பட்டார்கள், ஆனாலும் சொன்னார்கள். பிறகு அவர்களைப் போன்ற உள்ளூர் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களையே ஐ.எல்.ஓ. தன் கண்காணிப்பில் சேர்த்துக்கொண்டது. 2021 அறுவடையில் திட்டமிட்ட கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும் முடிவுக்கு வந்ததாக ஐ.எல்.ஓ. அறிவித்தது. 2022 மார்ச்சில் புறக்கணிப்பும் விலக்கப்பட்டது.

அரசின் ஒப்புதலோடு போகும் கண்காணிப்பாளருக்கு வயல் திறக்கும், ஆனால் எதிரில் நிற்பவர் பயந்து பேசுவார். ஒப்புதல் இல்லாமல் போகிறவரிடம் மக்கள் பேசுவார்கள், ஆனால் அவர் சிறைக்கும் போகலாம். அங்கே இரண்டும் தேவைப்பட்டன.

இந்த வழியின் மிகப் பெரிய மறைமுகச் செலவு பணம் அல்ல. ஒரு குழந்தையை நேரில் கண்டுவிட்டால், அதற்கு அப்புறம் நீங்கள் வெறும் பார்வையாளர் இல்லை. காப்பகம், பள்ளி, குடும்பத்தின் கடனுக்கு வழி, சட்ட உதவி, இவற்றில் ஒன்றையாவது சுட்டிக்காட்ட முடியாத நிலையில் களத்துக்குப் போகாதீர்கள். பதிவு செய்துவிட்டுத் திரும்பினால், உங்களோடு பேசியதற்கான விலையை அந்தக் குழந்தைதான் கொடுக்கும்.

எப்போது சிறந்தது: குறிப்பிட்ட தொழிலையோ பகுதியையோ பார்க்கிறீர்கள், பல ஆண்டு நிற்க முடியும், குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடம் இருக்கிறது என்றால்.

## இரண்டு துணை வழிகள்

போரில் குழந்தைகளைச் சேர்ப்பது பற்றி மட்டும் கண்காணிக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன எதிலும் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2005-ஆம் ஆண்டுத் தீர்மானம் 1612 அதற்கென்றே ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டை உருவாக்கியது. பொதுச் செயலாளரின் ஆண்டறிக்கை அரசுப் படைகளையும் ஆயுதக் குழுக்களையும் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது.

நிறுவனங்கள் நடத்தும் தணிக்கை, ஒரு நாட்டின் முயற்சியை அளக்கும் கருவி அல்ல. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகும் தணிக்கையில் குழந்தை அன்று வேலைக்கு வந்திருக்காது. அதை உங்கள் சொந்த வாங்கல் முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த வகைகள் தெரியும் | நிலையா, முயற்சியா | தகவலின் வயது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஐ.எல்.ஓ. நிபுணர் குழு | நான்கும், பெரும்பாலும் காகிதத்தில் | முயற்சி | சுமார் 3 ஆண்டுச் சுற்று | தொழிற்சங்க உறவு தேவை |
| அமெரிக்க ஆண்டறிக்கை | நான்கும், ஆழம் நாட்டுக்கு நாடு மாறும் | முயற்சி | 1 முதல் 2 ஆண்டு | வேறொரு அரசின் பார்வை |
| குடும்பக் கணக்கெடுப்பு | அபாயகரமான வேலை மட்டும் | நிலை | பல ஆண்டுகள் | பெரும் பணம், பருவப் பிழை |
| அரசுப் பதிவேடுகள் | நான்கும், வெவ்வேறு துறைகளில் | முயற்சி | சில மாதம் முதல் | நேரம், ஒத்துவராத அலகுகள் |
| களக் கண்காணிப்பு | போகும் இடத்தில் இருப்பவை | இரண்டும் | உடனடி | பாதுகாப்பு, கடப்பாடு, ஆண்டுகள் |

## உங்கள் நிலையில் எது

பணமே இல்லாமல் மூன்று மாதம் இருக்கும் ஆய்வு மாணவருக்கு: முதல் வழியை முதுகெலும்பாக வையுங்கள். நார்ம்லெக்ஸில் நாட்டின் எல்லாக் கருத்துகளையும் பழையதிலிருந்து புதியதுவரை படித்து, ஒவ்வொரு கேள்வியும் எப்போது எழுந்தது, பதில் வந்ததா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அமெரிக்க அறிக்கையின் பரிந்துரை ஆண்டுகளைப் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டிலும் நிற்பது எதுவோ அதுவே உங்கள் தலைப்பு. அபாயகரமான வேலைகளின் தேசியப் பட்டியல் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதையும் பாருங்கள். 182-ஆம் உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு அதை அவ்வப்போது மறுஆய்வு செய்யச் சொல்கிறது, பல நாடுகளில் அது தூசி படிந்து கிடக்கிறது.

தொழிற்சங்கத்துக்கு: உங்களிடம் மற்ற யாருக்கும் இல்லாத வாசல் இருக்கிறது. நான்காம் வழியில் சங்கிலி அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, முதல் வழியில் குழுவுக்கு அனுப்புங்கள். அரசு தன் அறிக்கையின் நகலை உங்களுக்குத் தர வேண்டும் என்பது ஐ.எல்.ஓ. அமைப்பு விதியிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

சிறு தொண்டு அமைப்புக்கு: களம் உங்களை இழுக்கும், இழுக்கவும் வேண்டும். ஆனால் நாடு முழுவதையும் பார்க்க முயல வேண்டாம். ஒரு தொழில், ஒரு பகுதி, ஐந்து ஆண்டு. அதோடு ஐ.நா. குழந்தை உரிமைகள் குழுவுக்கு, அரசு தரும் அறிக்கைக்கு மாற்றாக உங்கள் சொந்த அறிக்கையை அனுப்புங்கள். அங்கே தொழிற்சங்க வாசல் தேவையில்லை, நீங்களே நேரடியாகப் பேசலாம்.

நிதி கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னொரு தேசியக் கணக்கெடுப்புக்குப் பணம் தருவதற்கு முன்னால், கடந்த முறை அடையாளம் காணப்பட்ட குழந்தைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவதற்கு அதில் ஒரு சிறு பங்கைத் தாருங்கள். மீட்கப்பட்டோர் பட்டியல் ஏதாவது ஒரு அலுவலகத்தில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை.